பச்சைத் தண்ணி

எங்கள் வீட்டில் என் மோட்டார் சைக்கிளுக்கு வெந்நீர் அண்டா என்று பெயர். வைத்தவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி, எங்களோடுதான் இருக்கிறார். கொஞ்ச காலமாக வண்டி மேடு ஏறினால் கொதித்தது. சிவப்பு விளக்கு எரியும், முன்னால் ஆவி பறக்கும், நான் ஓரங்கட்டிவிட்டு அது ஆறும் வரை கைகட்டி நிற்பேன். வீட்டுக்கு வந்து சொன்னால், அண்டாதான் கொதித்துவிட்டதே, அப்படியே குளித்துவிட்டு வந்திருக்கலாமே என்பார் அண்ணி. அவர் பேச்சில் பாதி கிண்டல், பாதி வயிற்றெரிச்சல். எனக்கு இரண்டுமே பிடிக்காது.

என் வேலை வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம் என்பதால் விடியும் முன்பே கிளம்பிவிடுவேன். ஒவ்வொரு வீட்டிலும் பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படாமல் ஒருவர் கை நீட்டத் தயாராக உட்கார்ந்திருப்பார். நான் போய் ஊசியை எடுத்தபிறகுதான் அந்த வீட்டில் அடுப்பே பற்றும். இதற்கு முன் அதே கூடத்தின் உள்ளறையில் கண்ணாடிக் குழாய்கள் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் தெரியும். வருடக்கணக்கில் அங்கே நின்று நின்று அலுத்துப்போயிருந்தேன்; சொந்த வண்டி இருந்தால் வெளிவேலை தரலாம் என்று மேலாளர் ஒருநாள் சொன்னபோது, அந்த வாரமே இந்தப் பழைய வண்டியை வாங்கினேன். விடிகாலைக் காற்று முகத்தில் அடிக்கும்போது ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

போன வாரம் பாலத்து மேட்டில் வண்டி என்னைக் கைவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் சாப்பிடாமல் எனக்காகக் காத்திருந்து, நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்துவிட்டார். பிறகு தேறிவிட்டார். மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இன்னொரு முறை இப்படி ஆனால் உள்ளறைக்கே திரும்பிவிடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதனால் என் கோபத்துக்குப் போக இடமில்லாமல் வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைத்தேன்.

வீட்டில் வண்டியை விற்கும் பேச்சு வந்தது. அண்ணி ஏற்கெனவே ஒரு பன் கடைக்காரரைப் பிடித்து வைத்திருந்தார். மேடு பள்ளம் இல்லாமல் நாலு தெருவுக்குள் சுற்ற அவருக்கு ஒரு வண்டி வேண்டுமாம்; ஞாயிறு சாயங்காலம் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வாராம். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஊரில் எல்லோரையும் முன்னால் நகரச் சொல்கிறவர், வீட்டில் மட்டும் நடுவில் நின்றுகொள்வார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அதற்குள் வண்டியைச் சரி செய்ய முடிந்தால் செய், முடியாவிட்டால் முனகாமல் சாவியைக் கொடுத்துவிடு. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

என் வண்டியை எப்போதும் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். மற்ற கடைகளில் கேட்டேன். ஒருவன் வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னான், இன்னொருவன் இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்றான். ஒரு வாரம் வண்டி இல்லையென்றால் வெளிவேலையும் இல்லை. மெக்கானிக் அண்ணனுக்கே போன் செய்தேன். வெள்ளை டப்பாவில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம், குறைகிறதா என்று கேட்டார். தினமும் பார்க்கிறேன், கோட்டிலேயே நிற்கிறது, ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்றேன். குறையாமல் கொதிக்கிறது என்றால் கூலன்ட் கெட்டுப்போயிருக்க வேண்டும், அதை முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றிப் பார்க்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் பெரிய வேலைதான் என்றார். ஊற்றுவதற்கு ஆள் இல்லை என்றேன்.

“கை இருக்குல்ல தங்கச்சி? நரம்பே தெரியாத கைல ஊசி போடுற ஆளு நீங்க. நான் போன்ல சொல்லச் சொல்லச் செய்யுங்க. கண்ணு உங்களுது, வாய் என்னுது.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை வாசல் சிமெண்ட் தரையில் நிறுத்தினேன். வீட்டுக்காரருக்கு அன்றும் டியூட்டி. புதுக் கூலன்ட் கேன், பழைய ஷூ டப்பாவில் போட்டு வைத்த ஸ்பேனர்கள், புனல், அடியில் வைக்க ஒரு பிளாஸ்டிக் பேசின், எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மிதியடி மேல் வைத்தேன். அண்ணி வாசற்படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, பேசின் துணி ஊறவைக்கிற பேசின் ஆயிற்றே என்றார். புதியது வாங்கித் தருகிறேன் என்றேன். வண்டிக்கு யாராவது பிரசவம் பார்ப்பார்களா என்றார். வாயைத் திறந்தால் வேலை கெடும் என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

இன்ஜின் ஆறிப் போயிருந்தது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று போனுக்குள் இருந்து அதட்டல் வந்தது. மூடியைத் தளர்த்திவிட்டுக் கீழே படுத்தேன். பம்ப் மூடியின் அடியில் ஒரு சின்ன போல்ட். அதைக் கழற்றினால் எல்லாம் இறங்கிவிடும். அது அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். ஸ்பேனர் கையை விட்டு நழுவி விரல் முட்டி கிழிந்ததுதான் மிச்சம். போல்ட் தலை வழுக்கினால் கதை முடிந்தது, மல்லுக்கட்டாதீர்கள் என்றார் மெக்கானிக் அண்ணன். துரு இளக்குகிற எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். வேலையில் நான் செய்வதும் இதுதான்: நரம்பு கிடைக்காவிட்டால் குத்திக் குத்திப் பார்க்கக் கூடாது, கையை விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி தொட வேண்டும். இரண்டு முறை எண்ணெய் அடித்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, மூன்றாவது தடவை முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு இழுத்தேன். பொசுக்கென்று விட்டுக்கொடுத்தது.

பேசினில் விழுந்ததைப் பார்த்தேன். பால் சேர்க்காத தேநீர் போல ஒரு நிறம். நடுநடுவே துருத் துகள்கள்.

மெக்கானிக் அண்ணன் நிறம் கேட்டார். பழுப்பு என்றேன். பச்சை கொஞ்சமாவது இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். மோந்து பார்க்கச் சொன்னார். தண்ணீர்த் தொட்டி வாடை அடித்தது. அவர் குரல் மாறியது.

“தங்கச்சி, அது கூலன்ட்டே இல்ல. வெறும் குழாய்த் தண்ணி. யாரு ஊத்துனது?”

யாரும் ஊற்றவில்லை என்றேன்.

“சர்வீஸ் முடிஞ்ச அன்னைக்கு டப்பால கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. கடையில தீந்துபோச்சு, வீட்டுல ஊத்திக்கோங்கன்னு சொல்ல போன் பண்ணேன். நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. ஒரு அக்கா எடுத்தாங்க. கூலன்ட்னா அவங்களுக்குப் புரியாதேன்னு, வெள்ளை டப்பாவுல குறையக் குறையப் பச்சைத் தண்ணி ஊத்தணும், வேற எதுவும் ஊத்திடாதீங்கன்னு தெளிவாச் சொன்னேனே.”

நான் தரையில் படுத்தபடியே வாசற்படியைப் பார்த்தேன். அண்ணியின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

“பச்சைத் தண்ணிதானே ஊத்தினேன்” என்றார்.

புதுக் கேனைத் திறந்து ஒரு மூடி நிறைய ஊற்றி அவர் முன்னால் நீட்டினேன். இளம் இலை நிறத்தில் பளபளவென்று இருந்தது. அண்ணி அதையே பார்த்தார். பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாத தண்ணீர் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு, பச்சையாகவே ஒரு தண்ணீர் இருக்கும் என்று எப்படித் தோன்றும்? இதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது எனக்கு அந்த நிதானம் இல்லை.

தினமும் நான் கிளம்புவதற்கு முன் எழுந்து, டார்ச் அடித்துப் பார்த்து, குறைந்த அளவுக்கு ஊற்றி வைத்திருக்கிறார். அதனால்தான் டப்பாவில் அளவு கோட்டிலேயே நின்றிருக்கிறது. எங்கோ ஒழுகிக்கொண்டிருந்த கூலன்ட் எல்லாம் போய், அந்த இடத்தில் குழாய்த் தண்ணீர் வந்து உட்கார்ந்து, உள்ளெல்லாம் துருவேற்றிக் கொதித்திருக்கிறது. ஒழுகுவதே எனக்கும் தெரியவில்லை, மெக்கானிக் அண்ணனுக்கும் தெரியவில்லை. அழுக்கேறிய அந்த டப்பாவில் அளவைப் பார்த்த நான் நிறத்தைப் பார்க்கவில்லை.

“காய்ச்சின தண்ணிதான் ஊத்த நினைச்சேன்” என்றார் அண்ணி. “குடிக்க நமக்கே காய்ச்சின தண்ணி, வண்டிக்கும் அது நல்லதுதானேன்னு. பச்சைத் தண்ணிதான் ஊத்தணும்னு அவரு அடிச்சுச் சொன்னாரு. அதனால குழாய்ல தனியா ஒரு செம்புல பிடிச்சு வெச்சேன்.”

போனுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. எனக்குப் பாலமும், நாற்காலியில் சரிந்த பெரியவரும், மேலாளரின் தாழ்ந்த குரலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ரத்தம் தலைக்கேறிவிட்டது.

“வாயாலதான் தினம் கரிச்சுக் கொட்டுறீங்க. கையையாவது சும்மா வெச்சிருக்கக் கூடாதா அண்ணி?”

அண்ணி திரும்பினார். உள்ளே போய்விட்டார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவர் பதில் சொல்லாமல் போனது எனக்கு உறைத்தது. ஆனால் கூப்பிட்டுப் பேச அப்போது மனசு வரவில்லை, போல்ட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

மெக்கானிக் அண்ணன் தன் மேல் தப்பு என்று வருத்தப்பட்டார். அதை அப்புறம் பார்க்கலாம், இப்போது என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள் என்றேன். முதலில் ஒழுகல். டார்ச்சை எடுத்து ஒவ்வொரு ஹோஸாகத் தடவிக்கொண்டே போனேன். ரேடியேட்டருக்குக் கீழே ஒரு ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. அதன் அடியில் காய்ந்த வெள்ளைக் கறை. கிளிப்பை முறுக்கினேன். இத்தனை நாள் என்னை ஆட்டி வைத்தது அந்த இத்துனூண்டு தகரம்தான். அடுத்து, உள்ளே இருக்கும் துருவை எல்லாம் அலச வேண்டும் என்றார். அதற்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. பேட்டரித் தண்ணி வேண்டும், பேட்டரிக்கு ஊற்றுகிற உப்பில்லாத தண்ணீர், தெளிவாக வரும் வரை ஊற்றி ஊற்றி இறக்க வேண்டும். என்னிடம் ஒரு சின்ன பாட்டில்தான் இருந்தது. அது ஒரு அலசலுக்கே பற்றாது. வண்டி இந்த நிலையில் கிடக்க நான் கடைக்கு நடந்தால் இன்னும் நேரம் போய்விடும், சாயங்காலம் பன் கடைக்காரர் வந்துவிடுவார்.

யோசித்தபடியே மற்ற கிளிப்புகளையும் ஒவ்வொன்றாக முறுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது தெருமுனையில் அண்ணி வந்துகொண்டிருந்தார். பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார். முட்டி வலி என்று மொட்டை மாடிக்குக்கூட ஏறாதவர், கைக்கொரு கேனைத் தூக்கிக்கொண்டு, ஆடி ஆடி நடந்து வந்தார். ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். அவர் மூச்சு வாங்க வண்டிப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“பேட்டரித் தண்ணிதான். கடைக்காரர்கிட்ட மூணு தடவை கேட்டுட்டேன். இதுக்குக் கலர் கிடையாதாம்.”

போனில் பேசியதை எல்லாம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பன் கடைக்காரரைப் பிடித்தவரே அவர்தான். சும்மா உள்ளே உட்கார்ந்திருந்தால் அவர் நினைத்தது நடந்திருக்கும். வண்டி உங்களுக்குப் பிடிக்காதே, அப்புறம் ஏன் தினமும் ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

“வண்டியப் பிடிக்கல. இருட்டுல நீ ஒத்தையா எங்கயாவது நின்னுட்டா? அதான் விக்கச் சொன்னேன், அதான் ஊத்தவும் ஊத்தினேன்” என்றார். பிறகு, “பேசிட்டே நிக்காத, ஊத்து” என்றார்.

ஊற்றினேன். இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, ஆறவிட்டு, இறக்கினேன். பழுப்பு வந்தது. மறுபடி ஊற்றி, ஓட்டி, ஆறவிட்டு, இறக்கினேன். மஞ்சள் வந்தது. ஆறவிடும் நேரம்தான் கொடுமை. வெயில் சுவரில் ஏறிப் பிறகு இறங்கியது. சாப்பிட உள்ளே போகவில்லை. அண்ணி தட்டைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார், கையில் எண்ணெய் என்று அவரே ஊட்டியும் விட்டார். பேசினை எட்டிப் பார்த்து நிறம் சொல்லும் வேலையையும் எடுத்துக்கொண்டார். போனுக்குப் பக்கத்தில் குனிந்து, இப்போது எலுமிச்சை ரசம் நிறம், இப்போது அதில் தண்ணீர் ஊற்றிய நிறம் என்று மெக்கானிக் அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது கேனின் அடிப்பகுதியில் இருந்ததை ஊற்றி இறக்கியபோது, தெளிந்த தண்ணீர் வழியாகப் பேசினின் அடியில் ஒட்டியிருந்த கம்பெனி முத்திரை தெரிந்தது.

புது வாஷர் போட்டு போல்ட்டை ஏற்றினேன். ரொம்ப இறுக்காதீர்கள், அலுமினியம் மரை, பிய்ந்து வந்துவிடும் என்றார் மெக்கானிக் அண்ணன். பிறகு புனலை அண்ணி பிடிக்க, நான் புதுக் கூலன்ட்டை நூல் போல ஊற்றினேன். குபுக்குபுக்கென்று காற்று வெளியே வந்தது. நிரம்பியதும் மூடியைப் போடாமலே ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச நேரத்தில் சூட்டைக் காட்டும் முள் ஏறியது, சிவப்பு விளக்கும் எரிந்தது. வண்டியை அணைத்தேன். இதற்கும் அடங்காவிட்டால் பெரிய வேலை என்று அவர் சொன்னது காதில் ஒலித்தது.

“காத்து உள்ள மாட்டியிருக்கும்” என்றார் மெக்கானிக் அண்ணன். “பயப்படாதீங்க. ஆறவிட்டு, வண்டிய ரெண்டு பக்கமும் சாய்ச்சு ஆட்டுங்க. ஹோஸை அமுக்கி விடுங்க.”

ஆறியதும் நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி பின்பக்கம் பிடித்துக்கொண்டார். தொட்டில் ஆட்டுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தோம். ஹோஸைப் பிசைந்தேன். ரேடியேட்டரின் வாயில் ஒரு பெரிய குமிழி வந்து வெடித்தது. அளவு சரசரவென்று கீழே இறங்கியது. அவ்வளவு காற்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மேலே ஊற்றினேன், மறுபடி ஆட்டினோம். குமிழி வருவது நின்றபிறகு ஸ்டார்ட் செய்தேன். முள் பாதியில் நின்றது. விசிறி தானே சுற்றியது, தானே நின்றது. மூடியை இறுக்கி, வெள்ளை டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஊற்றினேன். கழிவையெல்லாம் காலிக் கேனில் பிடித்து மூடினோம். கூலன்ட் கலந்தது இனிக்குமாம், பூனை நக்கினால் செத்துவிடுமாம்.

மீதி இருந்தது பாலம். கூடத்தில் இருக்கும் ரத்தப் பெட்டியின் கனம் இல்லாமல் வெறும் வண்டியாக ஏறினால் அது சோதனை ஆகாது என்றேன். அண்ணி சேலையை இழுத்துச் செருகினார். அந்த வண்டியில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

“நான் ஒக்காந்தா ஏறுதான்னு பாரு. என்னையே தூக்கிட்டு ஏறுற வண்டி உன் பெட்டியத் தூக்காதா?”

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பாலத்து மேட்டின் நடுவில் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. நான் எப்போதும் ஓரங்கட்டுகிற அதே இடம். காற்று இல்லை, முன்னால் ஒரு லாரி புகை விட்டுக்கொண்டிருந்தது. விசிறி இரைந்தது. அண்ணி என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிறதா என்று கேட்டார். அந்தச் சின்ன விளக்கை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் துணிவில்லை. அது எரியவில்லை. லாரி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம், உச்சிக்குப் போனோம், காற்று வந்து முகத்தில் அடித்தது. எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட் இருந்ததால் சௌகரியமாக அழுதேன்.

வீட்டு வாசலில் பன் கடைக்காரர் நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் சீருடையோடு அவருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார். கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்ன கோளாறு என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி இறங்கிவிட்டார்.

“வண்டில கோளாறு எதுவும் இல்ல. என் காதுலதான் இருந்துச்சு. அதனால இது விக்கிறதுக்கு இல்ல, கோச்சுக்காதீங்க. உள்ள வந்து பச்சைத் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க.”

மறுநாள் விடியும் முன், கிளம்புவதற்காகக் கதவைத் திறந்தேன். வாசலில் டார்ச் வெளிச்சம். அண்ணி வண்டிப் பக்கத்தில் முட்டியை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து, வெள்ளை டப்பாவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கையில் செம்பு இல்லை.

“ஊத்தல” என்றார். “பாத்தேன். பச்சையாத்தான் இருக்கு, போயிட்டு வா.”